லீஷ குடுக்கிறதுக்கு முன்னாடி விவரத்த குடுங்க: ஷெல்டர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாய், பூனை ஷெல்டர் நடத்துறவங்களுக்கும், அங்க வாலண்டியர்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிற பொறுப்புல இருக்கிறவங்களுக்கும் வணக்கம்.

லீவு நாள்ல வந்து வேலை பாக்குற வாலண்டியர்கள்ல நானும் ஒருத்தன். கூண்டு கழுவுவேன், நாய வாக்கிங் கூட்டிட்டுப் போவேன், பயந்து மூலையில ஒடுங்கிக் கிடக்கிற பூனைக்குப் பக்கத்துல எதுவும் பண்ணாம உக்காந்திருப்பேன், அதுவும் ஒரு வேலைதான்னு போகப் போகத்தான் புரிஞ்சுது. நீங்க படுற பாடு தெரியாம இத எழுதல. ஆள் பத்தாது, இடம் பத்தாது, ராத்திரி போன் அடிச்சா எழுந்து ஓடணும், வாசல்ல அட்டப்பெட்டியில குட்டிங்கள வெச்சுட்டுப் போறவங்கள திட்டக்கூட நேரம் இருக்காது, எல்லாம் தெரியும். தெரிஞ்சும் எழுதுறேன்னா காரணம் இருக்கு.

கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஒரு நாயோட லீஷ, அதாவது அத புடிச்சு நடத்துற வார, எங்க கையில குடுக்கிறதுக்கு முன்னாடி அந்த நாயப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சத எல்லாம் சொல்லிருங்க. பூனைக்கும் அதேதான்.

இப்ப எப்படி நடக்குதுன்னா, "ரொம்ப சமத்து, பயப்படாம கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லி அனுப்புவாங்க, கடி வாங்கிட்டு வந்து நின்னா அப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளிய வரும், ஆமா அவனுக்கு இடுப்புகிட்ட தொட்டா புடிக்காது, பழைய அடி ஒண்ணு இருக்கு, போன தடவையும் ஒருத்தர புடிச்சான், நீங்க சாப்பாட்டு தட்டு பக்கம் போகாம இருந்திருக்கலாம்ல... இத ஒரே ஒரு ஷெல்டர்ல மட்டும் நான் பாக்கல. விவரம் எல்லாம் இருக்கத்தான் இருக்கு, ஆனா யாரோ ஒருத்தர் மண்டையில இருக்கு, அவர் லீவு போட்டா விவரமும் சேர்ந்து லீவு போட்டுடுது.

கூண்டு மேல ஒரு அட்டை மாட்டுங்க. பேரு, வயசு, தடுப்பூசி தேதி எல்லாம் ஏற்கனவே எழுதித்தான் வெச்சிருப்பீங்க. அதுக்குக் கீழ, எங்க தொட்டா புடிக்காது, சாப்பிடும்போது பக்கத்துல யாராவது வந்தா என்ன பண்ணும், மத்த நாயப் பாத்தா எப்படி, எதப் பாத்து மிரளும், யாரையாவது கடிச்சிருக்கா, கடிச்சதுன்னா அப்ப என்ன நடந்துட்டிருந்துச்சு, இதையும் எழுதுங்க. அந்தக் கடைசி கேள்விக்குப் பதில்தான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். வெறும் "கடிக்கும்"னு சிவப்பு மையில எழுதி வெச்சா அந்த நாய் பக்கத்துல எவனும் போக மாட்டான், அது கூண்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி இன்னும் மோசமாகும். "நகம் வெட்டும்போது கடிச்சுது"ன்னு எழுதுனீங்கன்னா நகத்த விட்டுட்டு மத்த எல்லாத்தையும் நாங்க பாத்துப்போம். நிறைய இடத்துல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் ஒட்டி, யாரு எந்த நாய வெளிய எடுக்கலாம்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. நல்ல பழக்கம்தான், ஆனா மஞ்சள்னா ஏன் மஞ்சள்னு ஒரு வரி இல்லன்னா அந்தக் கலர வெச்சு நான் என்ன பண்றது?

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். உங்க ரிஜிஸ்டர்ல எத்தன கடி பதிவாயிருக்கோ அத விட நிஜமா நடந்தது ஜாஸ்தியாத்தான் இருக்கும், எந்த ஷெல்டரா இருந்தாலும் இத நான் அடிச்சு சொல்வேன். கைய கர்சீப்ல சுத்திக்கிட்டு, ஒண்ணுமில்ல கூண்டுக் கம்பி கிழிச்சிருச்சுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போறவங்கள பாத்திருக்கேன். ஏன் மறைக்கிறாங்கன்னு கேட்டா, ஒருத்தருக்கு அந்த நாய ஊசி போட்டு முடிச்சிருவாங்களோ, இல்ல இனிமே யாரும் தத்தெடுக்க மாட்டாங்களோன்னு பயம். இன்னொருத்தருக்கு நாளையிலேர்ந்து வராதேன்னு சொல்லிருவாங்களோன்னு பயம். மூணாவது ஆளு முன்னாடி ஒரு தடவ உண்மைய சொல்லி "உனக்கு நாய ஹேண்டில் பண்ணத் தெரியல"ன்னு பத்து பேர் முன்னாடி பேச்சு வாங்கினவரு. இந்த மூணு பயத்தையும் உண்டாக்கினது நீங்கதான், மன்னிச்சுக்கோங்க, அதனால அத எடுக்க வேண்டியதும் நீங்கதான். கடிய சொன்னவங்களுக்கு முதல்ல முதலுதவி, அப்புறம் நன்றி, விசாரணையெல்லாம் அதுக்கப்புறம்னு ஒரு வழக்கம் வந்துட்டாலே பாதி பேரு சொல்ல ஆரம்பிச்சிருவாங்க.

மறைச்சா என்ன ஆகும்னு விளக்கமா சொல்லித்தான் ஆகணும், ஏன்னா ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய். அறிகுறி ஆரம்பிச்சிருச்சுன்னா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல. மனுசனுக்கு வர்ற ரேபிஸ்ல 99 சதவீதம் வரைக்கும் நாய் மூலமா வர்றதுதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கடிச்சதுக்கும் அறிகுறி தெரியறதுக்கும் நடுவுல பொதுவா ரெண்டு மூணு மாசம் ஆகும், ஒரு வாரத்துலயும் வரலாம், ஒரு வருஷம் கூட ஆகலாம், அதனாலதான் "அதான் ஒண்ணும் ஆகலையே"ங்கிற நினைப்பு இவ்வளவு ஆபத்து. 1885 ஜூலை 6-ஆம் தேதி லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர்ங்கிற 9 வயசுப் பையனுக்கு ஊசி போட்டாரு, பையன் பிழைச்சான். அதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் இந்த நோய தடுக்க நம்மகிட்ட வழி இருக்கு, நேரத்துக்குப் போய் நின்னாத்தான் அது வேலை செய்யும், அவ்வளவுதான்.

கடி பட்டா உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். 15 நிமிஷம்ங்கிறது எவ்வளவு நீளம்னு குழாய்க்கிட்ட நின்னு பாத்தாத்தான் தெரியும், பெரும்பாலானவங்க ஒரு நிமிஷத்துல கைய தொடச்சிட்டு வந்துர்றாங்க, அதனால குழாய்க்கு மேல ஒரு கடிகாரம் மாட்டுங்க, நிஜமாத்தான் சொல்றேன். அப்புறம் அன்னைக்கே டாக்டர். ரத்தம் வராத சின்னக் கீறலா இருந்தாலும் தடுப்பூசி வேணும், தோல் கிழிஞ்சு ரத்தம் வந்திருந்தா ஊசியோட இம்யூனோகுளோபுலினும், அதாவது காயத்துலயே போடுற ரெடிமேட் எதிர்ப்பு மருந்தும், வேணும்ங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல். கடிச்ச நாயையோ பூனையையோ 10 நாள் கண்காணிப்பில வைக்கிறது தனி, அது நல்லா இருந்தா மிச்ச ஊசி வேணுமா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு, ஆனா அந்த 10 நாள் முடியட்டும்னு முதல் ஊசிய தள்ளிப் போடக்கூடாது. இதுல எதுவுமே கடிய மறைச்சா நடக்காது, எந்த மிருகத்த கண்காணிக்கணும்னே உங்களுக்குத் தெரியாதே.

இத விட நல்லது, வாலண்டியரா சேரும்போதே முன்கூட்டி போட்டுக்கிற தடுப்பூசி. 2018-ல உலக சுகாதார நிறுவனம் அத ரெண்டு ஊசியா சுருக்கிருச்சு, முதல் நாள் ஒண்ணு, ஏழு நாள் கழிச்சு இன்னொண்ணு. நோய் எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கிறவங்களுக்கு மட்டும் கூடுதலா ஒண்ணு. அத போட்டவங்களுக்கும் கடி பட்டா பூஸ்டர் ஊசி உண்டு, அத மறக்கக்கூடாது, ஆனா இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. டெட்டனஸ் ஊசியும் கணக்குல இருக்கட்டும். சேர்க்கைப் படிவத்துல டி-ஷர்ட் சைஸ் கேக்குறீங்க, ஊசி போட்டாச்சான்னு ஒரு வரி கேக்க மாட்டீங்களா?

நாய எப்படி படிக்கிறதுன்னு சொல்லிக் குடுக்காம விடுறது இன்னொரு பெரிய குறை. வால் ஆட்டுது, அதனால பாசமா இருக்குன்னுதான் புதுசா வர்ற எல்லாரும் நம்புறாங்க. 2007-ல இத்தாலியில ஒரு ஆராய்ச்சியில, தன்னோட ஓனரப் பாக்குறப்ப நாயோட வால் வலது பக்கமா அதிகம் சாயுது, அறிமுகமில்லாத முரட்டு நாயப் பாக்குறப்ப இடது பக்கமா அதிகம் சாயுதுன்னு கண்டுபிடிச்சாங்க. கூண்டுகிட்ட நின்னு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டிருக்க முடியாதுதான், ஆனா வாலாட்டுறது எல்லாம் வரவேற்பு இல்லங்கிறது மட்டும் புரிஞ்சா போதும்.

கெண்டல் ஷெப்பர்ட்ங்கிற பிரிட்டிஷ் கால்நடை டாக்டர் நாயோட எச்சரிக்கைய ஒரு ஏணி மாதிரி படம் போட்டுக் காட்டியிருக்காங்க. அடியில இருக்கிற படி கொட்டாவி, கண் சிமிட்டுறது, மூக்க நக்கிக்கிறது. அப்புறம் தலைய திருப்பிக்கும், உடம்ப திருப்பிக்கும், விலகிப் போகும், காத பின்னாடி வெச்சுக்கும், வால உள்ள சொருகும், மல்லாந்து கால தூக்கும், விறைச்சுப் போய் நின்னு முறைக்கும், உறுமும், காத்துல ஒரு கவ்வு கவ்வும், எல்லாத்துக்கும் மேல கடி. இதுல மல்லாந்து படுக்கிற படியப் பாருங்க, அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, வயித்த தடவச் சொல்லுதுன்னு கைய நீட்டுவாங்க, அது சொல்றது "என்ன விட்டுரு"ன்னு. உடம்பு தளதளன்னு நெளிஞ்சா ஆசை, கட்டை மாதிரி இறுகியிருந்தா கைய எடு. "திடீர்னு கடிச்சிருச்சு"ன்னு சொல்றாங்கல்ல, பாதிக்கு மேல திடீர் எல்லாம் இல்ல, அது கீழ்ப்படியிலேர்ந்து சொல்லிக்கிட்டே வந்திருக்கும், படிக்கத் தெரிஞ்சவங்கதான் அங்க இல்ல.

தயவுசெஞ்சு உறுமுற நாய அதட்டாதீங்க, உங்க பழைய ஆளுங்களே பண்றாங்க இத. "ஏய், சும்மா இரு"ன்னு மூக்குல தட்டித் தட்டி உறுமல நிறுத்திட்டா அதோட பயம் போயிருமா? ஒரு படி குறைஞ்சு போச்சு, அடுத்த தடவ நேரா கடிதான், அந்தக் கடி வாங்கப் போறது அன்னைக்குப் புதுசா வந்து சேர்ந்த காலேஜ் பொண்ணாத்தான் இருக்கும்.

பூனை விஷயத்துல இன்னும் அலட்சியம். நாய்க்கடின்னா ஓடி வர்றாங்க, பூனைக்கடின்னா சிரிக்கிறாங்க. பூனைப் பல்லு ஊசி மாதிரி, வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள மூட்டு வரைக்கும் தசைநாண் வரைக்கும் கிருமிய கொண்டு போய் இறக்கிரும், மேல தோல் சட்டுன்னு மூடிக்கும். பாஸ்டுரெல்லாங்கிற பாக்டீரியா நிறைய பூனைங்க வாயில சாதாரணமாவே இருக்கு, ஒரு நாளுக்குள்ளயே கை சிவந்து வீங்கிரும். அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆளுங்க, கையில பூனை கடிச்சு வந்த 193 பேர வெச்சு 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல பத்துக்கு மூணு பேர ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியிருந்துச்சு. அதனால கையில, அதுவும் மூட்டுக்கிட்ட பூனை கடிச்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்புங்க, வீங்கட்டும் பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க.

பூனைய சமாளிக்கிறதுக்கு தைரியத்த விட டவல்தான் உதவும். காது பக்கவாட்டுல படுத்துச்சு, வால் நுனி பட் பட்னு அடிக்குது, முதுகுத் தோல் துடிக்குதுன்னா தடவுறத நிறுத்தணும், நல்லா ரசிச்சுட்டிருந்த பூனையே சட்டுன்னு திரும்பிக் கவ்வுறது இதனாலதான். வேற பூனையப் பாத்து சீறிட்டிருக்கிற பூனைய தூக்கவே கூடாது, அந்தக் கோபம் தூக்குறவங்க மேல இறங்கும். பிடரியப் புடிச்சுத் தூக்குற பழக்கத்த விட்டுருங்க, அது அதுக்கு இன்னும் பயத்தத்தான் குடுக்கும். புதுசா வந்த பூனை எல்லாத்துக்கும் கூண்டுக்குள்ள ஒளிஞ்சுக்க ஒரு பெட்டி வைங்க, சாதா அட்டப்பெட்டி போதும். நெதர்லாந்துல ஒரு ஷெல்டர்ல பண்ணுன ஆய்வு 2014-ல வந்துச்சு, பெட்டி கிடைச்ச பூனைங்க பெட்டி இல்லாததுங்கள விட சீக்கிரமா அமைதியாச்சாம். அமைதியான பூனை கம்மியா கடிக்கும், வாலண்டியர் பாதுகாப்புன்னு தனியா ஒரு பட்ஜெட்டே தேவையில்லாத சமாச்சாரம் இது. பூனைய முறைச்சுப் பாக்காம கண்ண மெதுவா மூடித் தெறந்தா அது பக்கத்துல வர்ற வாய்ப்பு கூடுதுன்னு 2020-ல இங்கிலாந்துல சசெக்ஸ் யூனிவர்சிட்டி ஆளுங்க காட்டியிருக்காங்க, பண்ணிப் பாருங்க, வேலை செய்யுது.

சுத்தம் பண்றது பத்தி சுருக்கமா. எங்கள கையில துடைப்பத்தோட விடுறீங்க, எந்த வரிசையில கழுவணும்னு சொல்றதில்ல. நல்லா இருக்கிற குட்டிங்க முதல்ல, பெரியதுங்க அடுத்து, நோய்ப்பட்டதுங்க கடைசி, திரும்பி வரக்கூடாது. நாய்க்குட்டிங்கள வயித்துப்போக்குல கொல்ற பார்வோ வைரஸ் தரையில மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், நீங்க வாசல்ல வெச்சிருக்கிற ஆல்கஹால் சானிடைசர் அத ஒண்ணும் பண்ணாது, சோப்பு போட்டு கைய கழுவணும், கூண்டு மாறுறப்ப க்ளவுஸ மாத்தணும். ப்ளீச்னா ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணி, 10 நிமிஷம் ஊறணும், அதுவும் அழுக்க முதல்ல சோப்பு போட்டு கழுவி எடுத்தப்புறம்தான், கழிவு மேலயே ஊத்துனா ப்ளீச் செத்துப் போயிரும். மூத்திரத்துல அமோனியா இருக்கு, அது மேல நேரா ப்ளீச்ச ஊத்துனா வர்ற ஆவி நெஞ்ச அடைக்கும். ஃபினாயில் வகையறா பூனைக்கு விஷம், பூனை ரூமுக்குள்ள அந்த பாட்டிலே வரக்கூடாது.

கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு லிட்டர், அதாவது பூனை கழிவுப் பெட்டி மண்ணு, அள்ளுற வேலைய குடுக்காதீங்க, வயித்துல இருக்கிற குழந்தைய பாதிக்கிற டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி இருக்கு. அது பூனை கழிவுல வெளிய வந்து ஒண்ணுலேர்ந்து அஞ்சு நாள் கழிச்சுத்தான் தொத்துற நிலைக்கு வரும், அதனால தினமும் லிட்டர் அள்ளுனாலே எல்லாருக்குமே ஆபத்து குறையும். மண்ணீரல் எடுத்தவங்க, கீமோ எடுக்கிறவங்க மாதிரி ஆளுங்களுக்கு நாய் நக்குறதுல கூட பெரிய இன்ஃபெக்‌ஷன் வரலாம், அவங்க டாக்டர கேட்டுட்டு வரட்டும், அவங்களுக்கு போட்டோ எடுக்கிறது, போன் எடுக்கிறது, அடாப்ஷன் பேப்பர் பாக்குறதுன்னு எவ்வளவோ வேலை இருக்கு. படர்தாமரை பத்தியும் சொல்லி வைங்க, முடி கொட்டுன வட்டத்தோட இருக்கிற பூனைக்குட்டிய கொஞ்சிட்டு அதே சட்டையோட வீட்டுப் பூனைய தூக்கக்கூடாது.

கதவு. ரெண்டு கதவு சிஸ்டம் இருக்கிற இடத்துல ஒண்ணு மூடுன அப்புறம்தான் இன்னொண்ணுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. ஒரு நடையில ஒரு நேரத்துல ஒரு நாய்தான். லீஷ விரல்ல சுத்திக்கிட்டா நாய் ஒரு இழு இழுத்தா விரல் போயிரும். பயந்த நாய்க்கு காலர் மட்டும் பத்தாது, பின்னாடி இழுத்து உருவிட்டு ஓடிரும், அதுக்கு ஸ்லிப் லீடும் (இழுத்தா கழுத்துல இறுகுற வாரு) ஹார்னஸும் (நெஞ்ச சுத்தி மாட்டுற பட்டை) சேர்த்து மாட்டணும். நாய் சண்டை வந்தா நடுவுல கைய விடக்கூடாது, தண்ணி அடிக்கலாம், சத்தம் குடுக்கலாம், பலகைய நடுவுல சொருகலாம், அதுக்கு அந்தப் பலகையும் தண்ணி பைப்பும் எங்க இருக்குன்னு சண்டை வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நாய்க்கூண்டு வரிசைக்குள்ள எல்லாம் சேர்ந்து குரைச்சா சத்தம் 100 டெசிபல தாண்டுது, காதுக்குள்ள வெச்சுக்கிற இயர் பிளக் ஒரு டப்பா வாசல்ல வைங்க, செலவு ஒண்ணுமில்ல.

அப்புறம் அந்த போட்டோ. வாலண்டியர் நாய கட்டிப்புடிச்சு முகத்தோட முகம் ஒட்டி எடுத்த போட்டோவத்தான் உங்க பேஜ்ல நீங்க முதல்ல போடுறீங்க, லைக்கும் அதுக்குத்தான் வருது. அத பாத்துட்டு வர்றவங்க வந்த உடனே அதே மாதிரி குனிஞ்சு கட்டிப்புடிக்கப் பாக்குறாங்க. நாய் உங்க ஆளோட ஆறு மாசம் பழகுனதுங்கிறது அந்த போட்டோவுல தெரியாது. பக்கவாட்டுல உக்காந்து, நாய் தானா வந்து கைய மோந்து பாக்குற போட்டோவ போடுங்க, அழகு அதுலயும் குறையாது.

நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும், இவ்வளவையும் முதல் நாளே சொன்னா பயந்து ஓடிருவாங்க, அப்புறம் யாரு நடக்க வெப்பா? நியாயமான கவலைதான். நாய்ங்களுக்கு ஆள் வேணும், ஷெல்டர் நாய்ங்க ஒரு ரெண்டு ராத்திரி ஒரு வீட்டுல தங்கிட்டு வந்தாலே தங்குன நாள்ல அதுங்களோட ஸ்ட்ரெஸ் ஹார்மோன் இறங்குதுன்னு 2019-ல அமெரிக்காவுல வந்த ஆய்வே சொல்லுது, மனுச வாசம் அவ்வளவு மருந்து. ஆனா நான் பாத்த வரைக்கும் விவரம் தெரிஞ்சு பயந்து ஓடுனவங்க ரொம்பக் கம்மி, விவரம் தெரியாம கடி வாங்கிட்டு திரும்பி வராம போனவங்கதான் நிறைய. அவங்க போறப்ப நாய் மேல இருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிர்றாங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கும் அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க. "இந்த நாய எடுக்க எனக்கு இன்னைக்கு தைரியம் இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னா முகம் சுளிக்காம வேற வேலை குடுங்க, அப்படிச் சொல்றவங்கதான் உங்ககிட்ட ரொம்ப நாள் இருப்பாங்க.

அமெரிக்காவுல இருக்கிற ஷெல்டர் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2010-ல ஒரு தர வழிகாட்டி போட்டுச்சு, 2022-ல அத திருத்தி ரெண்டாவது பதிப்பும் வந்திருச்சு, இணையத்துல இலவசமா கிடைக்குது. புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல, அத படிச்சு உங்க இடத்துக்குத் தக்க மாதிரி ஒரு பக்கத்துல எழுதினா போதும்.

எழுத நேரமில்லைன்னா சொல்லுங்க, கூண்டு அட்டைக்கும் கடி பதிவுக்கும் ஒரு மாதிரிப் படிவம் நான் எழுதி வெச்சிருக்கேன், ரெண்டும் சேர்ந்து ஒரு தாள்தான். உங்க இடத்துல பழைய வாலண்டியர் ரெண்டு பேரையும் கால்நடை டாக்டரையும் உக்கார வெச்சு ஒரு மணி நேரம் அதுல அடிச்சு திருத்துங்க, எந்த நாய்லேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு அவங்களுக்கே தெரியும். பேனா கட்டித் தொங்க விட மறந்துராதீங்க, பேனா இல்லாத ரிஜிஸ்டர நான் நிறைய பாத்துட்டேன்.

இப்படிக்கு,
கூண்டு கழுவ வர்றவங்கள்ல ஒருத்தன்